விடுமுறையில் குழந்தைகள் இல்லத்துக்கு வருகிறவர்களுக்கு

ஜூன், டிசம்பர் நெருங்கினால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இருக்கும் குழந்தைகள் இல்லங்களுக்கு வெளிநாட்டு எண்களிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். “ஊருக்கு வர்றோம் சார், ரெண்டு மூணு வாரம் இருப்போம். தினம் வந்து பசங்களோட இருக்கலாமா? எங்க பொண்ணுக்கும் நம்ம ஊரு கஷ்டம் தெரியணும்.” கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சொல்ல வந்தது இதுதான்: இரண்டு மூன்று வாரத்துக்கு வருகிறவர் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சும் வேலையைக் கேட்காதீர்கள். இல்லத்தின் பின்கட்டில் செய்ய ஏகப்பட்ட வேலை கிடக்கிறது. அதைவிடப் பெரிய வேலை, குழந்தை இல்லத்துக்கே வராமல் அம்மாவிடம் இருக்க வழி செய்வது.

மாலை ஐந்து மணிக்கு ஓர் இல்லத்துக்குள் நுழைந்தால், ஸ்கூல் பையை இறக்கிய கையோடு நாலைந்து குழந்தைகள் ஓடி வரும். பேர்கூடத் தெரியாத உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும், மடியில் ஏறும், “நாளைக்கும் வருவீங்களாக்கா?” என்று கேட்கும். வந்தவருக்கு மனசு இளகிவிடும். குழந்தை மனநலம் அறிந்தவர்களுக்கோ அது கவலை தரும் காட்சி. வீட்டில் வளரும் நாலு வயதுக் குழந்தை புது ஆளைக் கண்டால் அம்மா முந்தானைக்குப் பின்னால் போய் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்கு, தனக்கென்று ஒருவர் நிலையாக இருக்கிறார் என்ற உறுதி இல்லை. அந்த உறுதி வராமலே ஆள் மாறிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பது ஊகம் அல்ல. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஓர் ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், பிணைப்பிலும் அறிவு வளர்ச்சியிலும் இல்லத்திலேயே தங்கியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

இங்கே அந்த நிலையான ஆள் யார் என்றால் காலையில் தலை வாரிவிடும் ஆயாம்மாவும் இரவில் கதவைப் பூட்டும் வார்டனும்தான். அவர்கள் திட்டவும் செய்வார்கள், வீட்டுப்பாடம் செய் என்பார்கள். சாக்லேட்டோடு வந்து கொஞ்சிவிட்டு மூன்றாவது வாரம் விமானம் ஏறுகிற அக்காவும் அண்ணனும் அந்த உறவைத்தான் முதலில் கெடுக்கிறார்கள். அவர்கள் போன பிறகு படுக்கையை நனைப்பதும், சோற்றைத் தள்ளிவிடுவதும், ஆயாம்மாவை எதிர்த்துப் பேசுவதும் நடக்கும். அதைச் சமாளிப்பதும் அதே ஆயாம்மாதான்.

இன்னொரு விஷயம் மே மாதத்தில் தெரியும். கோடை விடுமுறை விட்டதும் இல்லத்தில் பாதிக் கட்டில்கள் காலியாகிவிடும். அம்மாவோ பாட்டியோ மாமாவோ வந்து கூட்டிப் போயிருப்பார்கள். அப்பா இறந்திருப்பார், அல்லது குடியால் குடும்பம் சிதறியிருக்கும். சம்பா அறுவடைக்கும் குறுவை நடவுக்கும் இடையில் வயலில் வேலை இருக்காது. அம்மா திருப்பூருக்குப் போய் மில் விடுதியில் தங்கி வேலை செய்வார். குழந்தையை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. இங்கே இல்லத்தில் விட்டால் மூன்று வேளைச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஆக நாம் அனாதை இல்லம் என்று நினைத்துக்கொண்டு வரும் இடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வறுமையால் பிரிந்து வந்த பிள்ளைகள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் நிஜமாகவே இருந்தார்கள். நாகையில் அரசின் அன்னை சத்யா இல்லம் அவர்களை எடுத்து வளர்த்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். இன்று இல்லத்துக்கு வரும் குழந்தையின் கதை வேறு.

அதனால்தான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இருக்கும் ஆதரவு நிதி என்கிறோம். குழந்தை ஒன்றுக்கு மாதம் 4000 ரூபாய், குடும்பத்துடன் இருந்தபடியே. கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் உறவினரிடம் வளரும் பிள்ளைகள், தீராத நோயில் கிடக்கும் பெற்றோரின் பிள்ளைகள் கேட்கலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மாநில அரசும் 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் என்று மாதம் 2000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது.

திட்டம் இருந்தும் பணம் ஏன் போய்ச் சேரவில்லை என்றால், பெரும்பாலும் காகிதத்தில்தான் சிக்கல். ரேஷன் கார்டில் அம்மா பெயர் செல்வி, ஆதாரில் தமிழ்ச்செல்வி. கணவரின் இறப்புச் சான்றில் இனிஷியல் வேறு. சிலரிடம் இறப்புச் சான்றே இருக்காது. கேரளாவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இறந்திருப்பார், அங்கே பதிந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. இறந்து ஒரு வருஷத்துக்குள் பதியாவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போய் உத்தரவு வாங்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார். குழந்தையின் ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். வங்கிக் கணக்கு தொடங்கும்போது அங்கே நிற்கும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். இரண்டாவது தடவை ‘நாளைக்கு வா’ என்று சொன்னால் அந்த அம்மா மூன்றாவது தடவை போக மாட்டார்.

இரண்டு வார விடுமுறையில் ஒருவரால் முழுசாக முடிக்கக்கூடிய வேலை இது. பாதுகாப்பு அலகில் கேட்டால் எந்தக் குடும்பத்தின் விண்ணப்பம் எதனால் நிற்கிறது என்று சமூகப் பணியாளர் சொல்வார். வண்டி எடுத்துக்கொண்டு அந்த அம்மாவோடு கூடவே போய், எல்லா ஆவணத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்து, ஆதாரைத் திருத்தி, அன்றைய கூலியையும் கையில் கொடுத்துவிட்டு வரலாம். முதலில் ஆதார், பிறகு ரேஷன் கார்டு, பிறகு வருமானச் சான்று, கடைசியில் வங்கி என்ற வரிசையில் போங்கள். மாற்றிப் போனால் ஒரே அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும். குழந்தையோடு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் செய்யும் இந்த உதவிக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இல்லத்துக்குள்தான் வருவேன் என்றால், அந்த இல்லம் முறையானதா என்பதை முதலில் பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41-இன்படி ஒவ்வொரு இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். சான்றைச் சுவரில் மாட்டியிருந்தால் தேதியையும் படியுங்கள். ஒவ்வொரு குழந்தையும் மாவட்டந்தோறும் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் அங்கே இருக்க முடியும். குழந்தைகளின் கோப்பை உங்களிடம் காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. ‘எல்லாருக்கும் நலக் குழு உத்தரவு இருக்கிறதா’ என்று கேட்டால் நல்ல இல்லம் உடனே ஆமாம் என்று சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக் குழு வர வேண்டும். கடைசியாக எப்போது வந்தார்கள் என்று கேட்பதில் தப்பில்லை. ஐம்பது பிள்ளைகளுக்கு 8 கழிப்பறை, 5 குளியலறை என்பது அந்தச் சட்டத்துக்கான மாதிரி விதிகள் சொல்லும் கணக்கு. படுக்கும் கூடத்தில் ஆளுக்கு 40 சதுர அடி. சமையற்கட்டையும் பாருங்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் போனது சமையற்கட்டும் கீற்றுக் கூரையும் சேர்ந்த இடத்தில் கிளம்பிய நெருப்பால்தான். அதனால் இந்த ஊர்ப் பக்கம் இதைக் கூச்சப்படாமல் கேட்கலாம்: தீயணைப்பான் இருக்கிறதா, மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி இருக்கிறதா, இரவில் வெளிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது?

கேட்ட அன்றே ‘வாங்க, இப்பவே வாங்க’ என்று கூப்பிடும் இல்லத்தில் யோசித்துத்தான் கால் வைக்க வேண்டும். உங்களை அப்படி விடுகிறவர்கள் எல்லாரையும் அப்படித்தான் விடுவார்கள். நல்ல இல்லம் காவல்துறைச் சான்று கேட்கும். இங்கே இருப்பவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் அந்த நாட்டுச் சான்றைக் கொண்டுவர வேண்டும். பிரிட்டனில் வெளிநாட்டில் குழந்தைகளோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கென்றே ஒரு சான்று தருகிறார்கள். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். ஆகவே டிக்கெட் போடும்போதே, இரண்டு மூன்று மாதம் முன்னால், வேலையைத் தொடங்குங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் சம்பளமோ வேறு எந்தப் பலனோ இல்லாத தன்னார்வ வேலையை அதிகபட்சம் ஒரு மாதம்தான் செய்யலாம்.

உள்ளே வந்தபின் கடைப்பிடிக்க வேண்டியவற்றில் போட்டோதான் பெரிய தகராறு. இல்லத்துக் குழந்தையின் பெயர், முகம், பள்ளி என அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். அதுவும் வெளியிடுவதுதான். முகத்தை மறைத்துவிட்டேன் என்பார்கள். யூனிஃபார்மும் பின்னால் தெரியும் கோயில் கோபுரமும் எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்லிவிடும். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் இல்லம் சரியாக நடக்கும் இல்லம்.

எந்தக் குழந்தையோடும் தனியறையில் இருக்க வேண்டாம். கதவு திறந்திருக்க வேண்டும், இல்லத்து ஆள் ஒருவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். இது உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல, எல்லாருக்கும் ஒரே விதி. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது ஆயாம்மாவின் வேலை. ‘அப்பா எங்கே, அம்மா எங்கே’ என்று கேட்காதீர்கள். ஒரே கதையைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் சொன்னால் வந்தவர் அழுவார் என்று குழந்தைக்கே தெரிந்துவிடும். ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு வாங்கித் தருவதும், போன் நம்பர் தருவதும், ‘நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்’ என்று விளையாட்டாகச் சொல்வதும் கூடாது. அந்த ஒரு வார்த்தையை நம்பி வருஷக்கணக்கில் வாசலைப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. குழந்தை தானாக வந்து யாரோ தப்பாகத் தொட்டார்கள் என்று சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

கிளம்பும் தேதியை வந்த முதல் நாளே காலண்டரில் குறித்துக் காட்டிவிடுங்கள். கடைசி நாளில் கட்டிப்பிடித்து அழுகிற விழா வேண்டாம். மதியம் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது சொல்லாமல் போய்விடுவதும் கூடாது.

சரி, இரண்டு வாரத்தில் என்னதான் செய்வது? தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பல இல்லங்களில் வருஷத்துக்கு ஒரு முறைகூடக் கழுவியிருக்க மாட்டார்கள். தண்ணீரை வடித்து, அடியில் தேங்கிய வண்டலை வாரி, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியபின், தொட்டியை நிரப்பி 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும் புதுப் பவுடருக்கான கணக்கு இது. பிரித்து வைத்துக் கட்டி தட்டிப்போன பவுடரில் வீரியம் இருக்காது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க விட்டு, காலையில் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். நடுவில் யாரும் அதைக் குடித்துவிடாமல் குழாய்களில் துணியைக் கட்டி வையுங்கள். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் சேர்த்தால் விஷவாயு வரும். தரைக்கடித் தொட்டிக்குள் தனியாக ஆளை இறக்கக் கூடாது.

சொறி சிரங்கு இன்னொன்று. ஒரு பிள்ளைக்கு மருந்து போட்டால் பத்து நாளில் திரும்ப வரும், ஏனென்றால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளையிடம் பூச்சி இருக்கிறது. டாக்டர் பார்த்துச் சொன்னபின் இல்லத்தில் இருக்கும் எல்லாரும், சமையல் அக்கா முதல் வார்டன் வரை, ஒரே இரவில் பெர்மெத்ரின் 5 சத கிரீமைக் கழுத்திலிருந்து கால்வரை போட்டு, விரலிடுக்கு, நகக்கண், தொப்புள் எதையும் விடாமல், காலையில் குளிக்க வேண்டும். அன்றே துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. மருந்து போடுவது இல்லத்து ஆட்களின் வேலை. ஐம்பது பேரின் துணியையும் ஒரே நாளில் துவைத்து உலர்த்தத்தான் கை போதாது. அங்கேதான் நீங்கள் தேவை. டிசம்பரில் வந்தால் இதைத் தொடாதீர்கள், மழையில் போர்வை காயாது. அரிப்பு இரண்டு மூன்று வாரம் இருக்கத்தான் செய்யும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பூசினால் தோல் புண்ணாகிவிடும்.

பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீபாவளியன்று மூன்று பேர் பிரியாணி கொண்டுவருவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ரசமும் அப்பளமும்தான். காலை எட்டு மணிக்கு இறக்கிய பிரியாணியை ஒரு மணி வரை அண்டாவில் மூடி வைத்துப் பரிமாறினால் வயிற்றுப்போக்கு வர வாய்ப்பு அதிகம். மளிகையாகக் கொடுங்கள். பள்ளிச் சத்துணவுக்கு ஒரு வேளைக்கு ஐந்தாம் வகுப்பு வரை 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு. ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு என்று கணக்கு. இதை வைத்துப் பெருக்கினால் இல்லத்துக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும். சாப்பிடும் முன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உங்கள் பிள்ளைக்கு வாழ்த்துப் பாட வைக்க வேண்டாம். அதைக் கேட்கும் உரிமை ஒரு வேளைச் சோற்றுக்குக் கிடையாது.

பாடம் சொல்லித்தர ஆசையா? ஊரில் இருக்கும் இரண்டு வாரத்தில் செய்யாமல், திரும்பிப் போனபின் செய்யுங்கள். ஜூனிலிருந்து மார்ச் வரை, வாரம் ஒரு நாள், நாலு பிள்ளைகளுக்கு ஒரே பாடம், நாற்பத்தைந்து நிமிஷம், வீடியோவில், இங்கே ஆசிரியர் ஒருவர் அறையில் இருக்கும்போது. இங்கே மாலை ஆறு என்றால் சிங்கப்பூரில் எட்டரை, வேலை முடிந்து உட்காரலாம். சமச்சீர் புத்தகத்தைத்தான் எடுக்க வேண்டும். அதைவிட உசத்தி என்று வேறொன்றை எடுத்தால் பிள்ளைக்குப் பரீட்சையில் உதவாது. வருஷம் முழுக்க வர முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம்.

பணம் அனுப்புவதில் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இருக்கும் இல்லம் மட்டுமே, அதுவும் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் இருக்கும் கணக்கில் மட்டுமே, அதைப் பெறலாம். உங்கள் அண்ணன் கணக்குக்கு அனுப்பி இல்லத்துக்குக் கொடுக்கச் சொன்னால் சிக்கிக்கொள்வது இல்லம்.

இதே கணக்குத்தான் இங்கிருந்து வெளியே போகிறவர்களுக்கும். தஞ்சாவூர், திருச்சிக் கல்லூரிப் பிள்ளைகள் நேபாளம், கம்போடியா என்று கட்டணம் கட்டித் தன்னார்வப் பயணம் போவது நடக்கிறது. மேற்படிப்புக்குச் சான்றிதழ் உதவும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது. அங்கிருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். நேபாளத்தில் இல்லங்கள் பெரும்பாலும் காத்மாண்டு, போக்கரா, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் போகும் இடங்களில்தான் குவிந்திருக்கின்றன. கட்டணம் கட்டும் தன்னார்வலர் வரவர, காட்டுவதற்குக் குழந்தை தேவைப்படுகிறது. மலைக் கிராமத்துக்குப் போய்ப் படிக்க வைக்கிறோம் என்று சொல்லிக் கூட்டி வருகிறார்கள். 2019-இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் இந்த இல்லச் சுற்றுலாவைப் பற்றி எச்சரித்தது. பிள்ளைகளோடு இருக்க வைக்கிறோம் என்று காசு வாங்கும் எந்த நிறுவனத்தோடும் போகாதீர்கள்.

கடைசியாக, கொஞ்சம் பெரிய பிள்ளைகளைப் பற்றி. பதினெட்டு முடிந்ததும் இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். பின்பராமரிப்பு என்று 21 வயது வரை உதவ சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் கேட்டு வாங்க ஆள் வேண்டும். கல்லூரியில் சேரும் ஜூன் மாதத்தில்தான் அந்த ஆள் மிகவும் தேவை. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அங்கீகரிக்கப்பட்ட இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது இ-சேவை மையத்தில் இருப்பவருக்கே சில சமயம் தெரியாது. தாசில்தார் அலுவலகத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் உண்டு; கல்லூரியில் சேர்ந்தவுடன் அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். கோவையிலோ சென்னையிலோ வேலை கிடைத்தால் தங்க ரூம், அட்வான்ஸ், அவசரத்துக்குப் பேச ஒரு நம்பர். வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு அந்த ஊரில் அண்ணனோ தங்கையோ இருப்பார். பெயரையும் நம்பரையும் ஏப்ரல் மாதக் கடைசிக்குள் வார்டனிடம் கொடுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே அழைப்பு வரும்.